விபத்தில் கால் இழந்தவர் வேலைக்குத் திரும்ப: தமிழ்நாட்டில் எங்கே தொடங்குவது?

கேள்வி: தம்பிக்கு 26 வயது. ஐ.டி.ஐ. ஃபிட்டர், தனியார் தொழிற்சாலையில் வேலை. ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் பைக் விபத்து. இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான்கு மாதம் ஆகிறது. ஆளாளுக்கு ஒரு திட்டத்தின் பெயரைச் சொல்கிறார்கள். அரசிடமிருந்து என்ன கிடைக்கும், எங்கே தொடங்க வேண்டும்?

பதில்:

உதவித்தொகையில் தொடங்காதீர்கள். தம்பி எந்த வேலைக்குத் திரும்பப் போகிறார் என்பதை முதலில் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழில் என்ன எழுதப்பட வேண்டும், எந்த வகைச் செயற்கைக் கால், என்ன வண்டி, வீட்டில் எதை மாற்றுவது என்பதெல்லாம் அந்த முடிவைப் பொறுத்தவை. பல வீடுகளில் மாதாந்திர உதவித்தொகைக்கு அலைந்தே ஓராண்டு போய்விடுகிறது. அதற்குள் வேலையும் கைவிட்டுப் போகிறது, முழங்காலும் மடங்கியபடியே இறுகிவிடுகிறது.

தள்ளிப்போடக் கூடாதவை மூன்று இருக்கின்றன, அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கம்பெனி நீட்டும் ராஜினாமா கடிதத்தில் தம்பி கையெழுத்துப் போடவே கூடாது. "செட்டில்மென்ட் வாங்கிக்கொள்ளுங்கள், குணமானதும் பார்க்கலாம்" என்று நல்ல மனதோடு சொல்பவர்களும் உண்டு. ஆனால் தாமாக விலகினார் என்று தாளில் வந்துவிட்டால், சட்டம் தரும் பாதுகாப்பு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். மருத்துவ விடுப்பு நீட்டிப்பு கேட்டு எழுத்தில் கொடுங்கள், நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி வையுங்கள்.

அடுத்தது தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. தம்பி அதில் இருந்தால், வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் நடந்த விபத்து பணிக்காயமாகவே கணக்கில் வரும். பயணத்துக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பைக் காட்டினால் போதும். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, கம்பெனி விபத்து அறிக்கை அனுப்பாமல் விட்டு, எல்லாம் சாதாரண நோய் விடுப்பாகப் பதிவாகிவிடுவது. அப்படி ஆகியிருந்தால் கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள். ஷிஃப்ட் நேரம், வருகைப் பதிவு, எஃப்.ஐ.ஆர். நகல் மூன்றும் கையில் இருக்கட்டும். பணிக்காயம் என்று ஏற்றுக்கொண்டால், மருத்துவக் குழு சம்பாதிக்கும் திறன் எத்தனை விழுக்காடு குறைந்தது என்று நிர்ணயிக்கும். சராசரி ஊதியத்தின் 90 விழுக்காட்டை முழு அளவாக வைத்து, அந்த விகிதத்தில் ஆயுள் முழுக்க மாதத்தொகை வரும். வேலைக்குத் திரும்பினாலும் அது நிற்காது. இன்னொன்று: இ.எஸ்.ஐ. ஊதிய வரம்பு மற்றவர்களுக்கு 21,000 ரூபாய், மாற்றுத்திறனாளிக்கு 25,000. சம்பளம் 21,000-ஐத் தாண்டியதும் அவரைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடும் அலுவலகங்கள் உண்டு. சான்றிதழைக் காட்டித் தொடரச் சொல்லுங்கள்.

மூன்றாவது, இழப்பீடு கேட்டு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் போடும் மனு. விபத்து நடந்த 6 மாதத்துக்குள் போட்டுவிடுவதே பாதுகாப்பு. உங்களுக்கு இரண்டு மாதம்தான் மிச்சம். வேலைக்குப் போனால் இழப்பீடு போய்விடும் என்று பயந்து ஆளை வீட்டிலேயே உட்கார வைப்பவர்களை நிறையப் பார்க்கலாம். ராஜ்குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது: மருத்துவர் எழுதும் ஊன விழுக்காடு வேறு, அந்த ஊனத்தால் அவரவர் தொழிலில் வரும் இழப்பு வேறு. இடது கை போனால் ஒரு தச்சருக்கு வருமானமே போகலாம். எழுத்தருக்கு அவ்வளவு போகாது. தம்பி விஷயத்தில் காட்ட வேண்டியது, முன்பு ஏணி ஏறி, குனிந்து, பாரம் தூக்கிச் செய்த ஃபிட்டர் வேலையில் இப்போது எவையெல்லாம் முடியாது என்பதை. இதை இப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள். வழக்கறிஞருக்கும் உதவும், கம்பெனியிடம் பேசவும் உதவும்.

இனி சான்றிதழ். யு.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டைக்கு ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், இ-சேவை மையத்திலும் செய்து தருவார்கள். பிறகு அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழு பார்க்கும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் நடத்தும் முகாம்களில் பரிசோதனையும் அட்டைப் பதிவும் ஒரே இடத்தில் முடிவது உண்டு. முகாம் தேதியை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவைக்குப் பின் எடுத்த எக்ஸ்ரே, ஆதார், புகைப்படம் எடுத்துப் போங்கள். 40 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால்தான் இட ஒதுக்கீடும் பெரும்பாலான சலுகைகளும். முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்பட்டவருக்கு அது தாண்டிவிடும். அட்டையின் நிறமும் அளவைச் சொல்லும்: 40-க்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம்.

கோளாறு நேருவது இரண்டு இடங்களில். முதலாவது பெயர். நம் ஊர் இனிஷியல் ஆதாரில் ஒரு மாதிரி, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஒரு மாதிரி இருக்கும். அட்டையில் மூன்றாவது மாதிரி ஏறிவிட்டால், வேலை கிடைத்த பிறகு சான்றிதழ் சரிபார்ப்பில்தான் அது வெடிக்கும். விண்ணப்பிக்கும் முன்பே ஆதாரைச் சரிசெய்யுங்கள். இரண்டாவது, சான்றிதழில் "இயக்கக் குறைபாடு, இத்தனை விழுக்காடு" என்று மட்டும் எழுதி, எந்த உறுப்பு என்பதை விட்டுவிடுவது. மத்திய அரசு வேலை அறிவிப்புகளில் ஒரு கால் பாதிப்புக்கு ஓ.எல்., இரு காலுக்கு பி.எல்., ஒரு கைக்கு ஓ.ஏ. என்று குறியீடுகள் இருக்கும். சான்றிதழில் "இடது கால், முழங்காலுக்குக் கீழ்" என்று தெளிவாக இல்லாவிட்டால் எந்தக் குறியீட்டில் வருகிறார் என்று வாதாட வேண்டியிருக்கும். மருத்துவக் குழுவின் அறையை விட்டு வெளியே வரும் முன் அந்த வரியைப் படித்துப் பாருங்கள்.

விபத்தில் கையிலோ பார்வையிலோ வேறு பாதிப்பும் இருந்தால் அதையும் தனியாக அளக்கச் சொல்லுங்கள். இரண்டு பாதிப்புகளை வெறுமனே கூட்டமாட்டார்கள். பெரிய எண்ணை எடுத்து, 90-இலிருந்து அதைக் கழித்து, வருவதைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, பெரிய எண்ணோடு சேர்ப்பார்கள். ஒருவருக்குக் காலில் 30, பார்வையில் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள்: 60-ஐ 30-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 20, மொத்தம் 50. தனித்தனியே 40-ஐ எட்டாதவர் சேர்த்துப் பார்த்தால் தகுதி பெறுகிறார். ஒரு மருத்துவரை மட்டும் பார்த்துவிட்டு வருவதால் இதை இழப்பவர்கள் இருக்கிறார்கள். முடிவு தவறு என்று தோன்றினால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

மாதத்தொகை பற்றி: வருவாய்த் துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரி முதல் 1,500 ரூபாய், கடுமையான பாதிப்பு, அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு போன்றவற்றுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவி 2,000. தம்பி வேலையில் இருப்பவர், வேலைக்குத் திரும்பப் போகிறவர். இவற்றை நம்பித் திட்டமிட வேண்டாம்.

செயற்கைக் கால் விஷயத்தில் அவசரமும் பொறுமையும் இரண்டும் வேண்டும். இன்றைக்கே செய்ய வேண்டியது முழங்காலை நீட்டிப் பழக்குவது. வலிக்கிறதே என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்க விடுவார்கள். அப்படியே சில வாரம் போனால் முழங்கால் முழுதாக நீளாமல் இறுகும், பிறகு எவ்வளவு நல்ல கால் பொருத்தினாலும் நடை சரிவராது. தலையணையை எடுத்துவிடுங்கள். மிச்சக் காலுக்கு எலாஸ்டிக் பேண்டேஜைக் கீழே இறுக்கமாகவும் மேலே வர வரத் தளர்வாகவும் சுற்ற ஃபிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ளுங்கள். மேலே இறுக்கிக் கீழே தளர்த்தினால் நுனி வீங்கும்.

கால் பெறும் வழிகள்: இ.எஸ்.ஐ. இருந்தால் அதன் வழியாக. இல்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உள்ள செயற்கை உறுப்புப் பிரிவு, சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம். உதவிக் கருவிகள் வழங்கும் மத்திய அரசின் அடிப் திட்ட முகாம்களிலும் தருவார்கள். எங்கே வாங்கினாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சாக்கெட், அதாவது மிச்சக் கால் உள்ளே பொருந்தும் கிண்ணம், தளர்ந்தால் யார், எத்தனை நாளில் மாற்றித் தருவார்கள்? முதல் ஆண்டில் மிச்சக் கால் சுருங்கிக்கொண்டே போகும். ஆரம்பத்தில் கச்சிதமாக இருந்த சாக்கெட் சில மாதத்தில் ஆடும். காலுறை ஒன்றிரண்டு கூடப் போட்டுச் சமாளிக்கலாம். மூன்று நான்கு போட்டும் ஆடினால் சாக்கெட்டையே மாற்ற வேண்டும். முகாமில் வாங்கிய நல்ல கால்கள் பரணில் கிடப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். கால் கெட்டுப்போவதில்லை, பொருத்தம் போய்விடுகிறது, மாற்றித் தர ஆள் இல்லை.

முதல் நாளே எட்டு மணி நேரம் போட்டுக்கொண்டு நிற்க முடியாது. ஒரு மணி, இரண்டு மணி என்று தொடங்கி, ஒவ்வொரு முறை கழற்றியதும் கண்ணாடி வைத்துத் தோலைப் பார்க்க வேண்டும். சிவப்பு பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறைந்தால் சரி. மறையாவிட்டால் அந்த இடத்தில் சாக்கெட் அழுத்துகிறது. புண்ணாகும் முன் போய்ச் சரிசெய்ய வேண்டும். புண் வந்தால் பல வாரம் கால் போட முடியாது, வேலையும் நிற்கும்.

இப்போது வேலை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19-இல். பணியில் இருக்கும்போது ஊனமடைந்த ஊழியரை நீக்கவோ பதவி குறைக்கவோ கூடாது, அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும் என்கிறது பிரிவு 20(4). பணியிடம் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கியாவது வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இது அரசு நிறுவனங்களுக்கு. அரசுப் போக்குவரத்துக் கழகத்திலோ மின்வாரியத்திலோ இருப்பவர்களை விருப்ப ஓய்வு எழுதிக் கொடுக்கச் சொன்னால், இந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டி மறுக்கலாம்.

தனியார் நிறுவனத்துக்கு வேறு வழி. எல்லா நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும் என்கிறது பிரிவு 21. 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தனியார் நிறுவனம் தொடர்பு அலுவலர் ஒருவரை நியமிப்பது, உதவிக் கருவிகள், சிறப்பு விடுப்பு, இடமாற்ற முன்னுரிமை எல்லாவற்றையும் அந்தக் கொள்கையில் எழுதியாக வேண்டும். மனிதவளப் பிரிவிடம் இந்தக் கொள்கையின் நகலை எழுத்தில் கேளுங்கள். பல இடங்களில் அப்படியொன்று இருக்காது. கடிதம் போன பிறகுதான் தயாரிப்பார்கள். அதுவே பேச்சுவார்த்தைக்கு வழி திறக்கும். சண்டைத் தொனியில் எழுத வேண்டியதில்லை.

கூடவே, என்ன மாற்றம் வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள். "ஏதாவது லைட் வேலை கொடுங்கள்" என்று கேட்டால் கேட்டில் உட்கார வைப்பார்கள், கைத்திறன் வீணாகும். ஃபிட்டர் என்றால் இப்படிக் கேட்கலாம்: ஏணியும் பாரமும் இல்லாத பெஞ்ச் வேலை, உயரம் மாற்றக்கூடிய ஸ்டூல், கருவிகளைச் சுமக்காமல் தள்ளிக்கொண்டு போக டிராலி, தரைத்தளப் பணியிடம், சாக்கெட் மாற்றும் நாட்களில் விடுப்பு, முதல் இரண்டு மாதம் அரை ஷிஃப்ட். அளவு பரிசோதனை, டூல் ரூம், அசெம்பிளி, பராமரிப்புத் திட்டமிடல் ஆகியவற்றுக்கு ஃபிட்டர் அனுபவம் நேராகப் பயன்படும். கேட்பவை எல்லாம் சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும் என்று தெரியும்போது முதலாளிகள் எளிதாக ஒப்புக்கொள்கிறார்கள்.

பழைய இடம் சரிவராவிட்டால் சென்னை கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியத் தொழில்சேவை மையம் இருக்கிறது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் வருவது. எந்த வேலைக்கு உடலும் திறனும் ஒத்துவரும் என்று மதிப்பிட்டு, பயிற்சி தந்து, வேலைக்கும் பரிந்துரைப்பார்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவிலும் சான்றிதழைச் சேர்த்துவிடுங்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்க வேண்டாம்.

அரசு வேலையில் ஒதுக்கீடு 4 விழுக்காடு. பார்வை, செவி, இயக்கக் குறைபாடு மூன்றுக்கும் ஒவ்வொன்று; ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாம் சேர்ந்து ஒன்று. மத்திய அரசில் வயது வரம்பு பத்து ஆண்டு தளரும், பிற்படுத்தப்பட்டோருக்கு 13, பட்டியல் இனத்தவருக்கு 15, டி.என்.பி.எஸ்.சி.யிலும் பத்து ஆண்டு உண்டு. தேர்வுக் கட்டணம் இல்லை. ஆனால் ஒதுக்கீடு இருக்கும் பதவி எல்லாமே எல்லா மாற்றுத்திறனாளிக்கும் பொருந்தாது. 2021 ஜனவரி 4-இல் மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில் 3,566 பதவிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் எதிரிலும் உட்காருதல், நிற்றல், நடத்தல், குனிதல், தூக்குதல் என்று தேவையான உடற்செயல்களும், எந்தக் குறியீட்டினர் தகுதி என்பதும் இருக்கும். விண்ணப்பிக்கும் முன் அந்த வரியில் ஓ.எல். இருக்கிறதா என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் இரண்டு வருடம் படித்துத் தேர்வாகி, கடைசியில் மருத்துவப் பரிசோதனையில் நிராகரிக்கப்படுவது கொடுமையானது, முற்றிலும் தவிர்க்கக்கூடியது.

சொந்தமாக வொர்க்ஷாப் வைக்கும் எண்ணம் இருந்தால் மத்திய அரசின் சுயதொழில் மானியத் திட்டமான பி.எம்.இ.ஜி.பி. கடன் மாவட்டத் தொழில் மையம் வழியாகக் கிடைக்கும். மாற்றுத்திறனாளி கைக்காசு 5 விழுக்காடு போட்டால் போதும். மானியம் கிராமத்தில் 35 விழுக்காடு, நகரத்தில் 25. கிராமத்தில் 5 லட்ச ரூபாய்த் திட்டம் என்றால் கையிலிருந்து 25,000, மானியம் 1,75,000. மானியம் கையில் வராது; வங்கியிலேயே மூன்று ஆண்டு வைப்பாக இருந்து, தொழில் நடந்தால் கடனில் கழியும். மானியம் வந்ததும் தொழிலை நிறுத்தியவர்களுக்கு அது திரும்பிப் போய்விடும்.

போக்குவரத்தில், சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் அட்டையைக் காட்டி இலவசமாகப் போகலாம், துணைக்கு ஒருவரும் வரலாம். ரயிலுக்கு ரயில்வே தரும் தனி அட்டை வேண்டும். அதற்கான சான்றில் துணையின்றிப் பயணிக்க முடியாதவர் என்று மருத்துவர் எழுத வேண்டும். இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டவர்களை மனதில் வைத்து வந்த திட்டம். தம்பிக்குப் போனது இடது கால், பைக்கில் கியர் போடுவதும் அந்தக் கால்தான். கியர் இல்லாத வண்டிதான் வசதி. சொந்தச் செலவில் பக்கச் சக்கரம் மாட்டினால் ஆர்.டி.ஓ.விடம் ஆர்.சி.யில் பதிந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் விபத்தில் இன்சூரன்ஸ் மறுக்க அதுவே சாக்காகிவிடும்.

வீட்டில் ஆபத்தான நேரம் இரவு. தூக்கக் கலக்கத்தில் கால் இருப்பதாக நினைத்து எழுந்து, மிச்சக் கால் தரையில் மோத விழுவார்கள். கட்டிலருகே எப்போதும் ஊன்றுகோல், கழிவறை வரை விளக்கு, உள்ளே சுவரில் உறுதியான கைப்பிடிக் கம்பி, குளிக்க வழுக்காத ஸ்டூல். ஊன்றுகோலின் அடி ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள். வாசலில் சாய்தளம் கட்டுவதென்றால் ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம். இடமில்லை என்று ஐந்தடியில் முடித்துவிட்டால், செயற்கைக் காலோடு இறங்கும்போது முழங்கால் முன்னே தள்ளும். இடம் இல்லாத வீட்டில் தம்பிக்குக் கைப்பிடி வைத்த படியே மேல். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அது பொருந்தாது. அவருக்கு சரியான சாய்தளமும் 90 சென்டிமீட்டர் அகலக் கதவும் வேண்டும்.

வேறு குறைபாடு உள்ளவர் வீட்டில் இருந்தால் வழி கொஞ்சம் மாறும். பார்வையற்றவருக்கு ஏ.டி.எம். அட்டை, காசோலைப் புத்தகம், நெட் பேங்கிங் எதையும் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008-லேயே சொல்லிவிட்டது. கூட்டுக் கணக்கு தொடங்கச் சொன்னால் மறுக்கலாம். எழுதச் சிரமமுள்ளவர்களுக்குத் தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் எழுத்துதவியாளரும் உண்டு. 40 விழுக்காட்டுக்குக் கீழ் என்ற காரணத்தால் மறுக்க முடியாது என்று விகாஷ் குமார் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம் உள்ளவர்களுக்கு தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஒரு லட்ச ரூபாய் வரை.

கம்பெனியோ அலுவலகமோ அசையாவிட்டால், சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதுங்கள். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் அவருக்கு சிவில் நீதிமன்ற அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரை அனுப்பினால் மூன்று மாதத்துக்குள் எடுத்த நடவடிக்கையைத் தெரிவிக்க வேண்டும். மனு ஒரு பக்கம் போதும்: எந்தத் தேதியில் யாரிடம் என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது, இப்போது எந்த மாற்றம் வேண்டும். கருணை கோரும் வரிகளை எடுத்துவிட்டு, முன்பு அனுப்பிய கடித நகல்களையும் அட்டை நகலையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.